ஒட்டுகிறதா என்று பார்த்தாராம்

அந்த நாற்காலி வேண்டாம், அதற்கு ஒரு கால் ஆட்டம். இப்படி வந்து உட்காருங்கள், என் பையை எடுத்துக்கொள்கிறேன். டாக்டர் ஜெசிந்தாவைப் பார்க்கத்தானே? அப்படியென்றால் அவசரப்படாதீர்கள். இப்போது உள்ளே போயிருக்கிற பெண் மாமியாரோடு போயிருக்கிறாள். அந்த மாமியார் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே வாட்ச்மேனிடம் நாலு கேள்வி கேட்டவள். உள்ளே சும்மாவா இருப்பாள்?

என் வீட்டுக்காரர் கார் நிறுத்தப் போயிருக்கிறார். இந்தத் தில்லை நகரில் கார் நிறுத்த இடம் கிடைப்பதும் கல்யாணத்துக்கு மண்டபம் கிடைப்பதும் ஒன்று. அவர் வருவதற்குள் சொல்லிவிடுகிறேன். அவர் தலை தெரிந்ததும் நான் வெயிலைப் பற்றிப் பேச ஆரம்பிப்பேன். நீங்களும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டுங்கள், போதும்.

விஷயம் இதுதான். என் வீட்டுக்காரரும் இந்த டாக்டரும் எனக்குத் தெரியாமல் பேசிக்கொள்கிறார்கள்.

சிரிக்காதீர்கள், அந்த மாதிரிப் பேச்சு இல்லை. அவருக்கு ஐம்பத்தேழு வயது, குடிநீர் வாரியத்தில் வேலை, தூங்கும்போது குரங்குக் குல்லா. அந்தச் சந்தேகம் எனக்கு வரவில்லை. இது வேறு. என் உடம்புக்குள் என்ன மருந்து போக வேண்டும் என்று என்னைத் தள்ளிவைத்துவிட்டு அவர்கள் இரண்டு பேரும் முடிவு செய்கிறார்கள். அதுதான் எனக்கு ஏறவில்லை.

முதலிலிருந்து சொல்கிறேன். எனக்குத் தீட்டு நின்று ஒன்றரை வருடம் ஆகிறது. விட்டது சனியன் என்றுதான் இருந்தேன். அப்புறம் ஆரம்பித்தது பாருங்கள். என் ஓரகத்தி மகள் கல்யாணத்தில் மேடையில் போட்டோவுக்கு நிற்கிறேன், கழுத்துக்குக் கீழே குபீர் என்று ஒரு சூடு கிளம்பி உச்சந்தலை வரைக்கும் போகிறது. பட்டுப்புடவை முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஆல்பத்தில் பார்த்தால் மணப்பெண்ணை விட நான்தான் பளபளவென்று இருக்கிறேன். வீட்டில் என்றால் பிரிட்ஜைத் திறந்து தலையை உள்ளே விட்டுக்கொண்டு நிற்பேன், கத்தரிக்காய் எடுக்கப் போன மாதிரி. தூக்கம் கிடையாது. பேன் ஐந்தில் சுற்ற வேண்டும். அதனால்தான் அவருக்குக் குல்லா. ஒரு வார்த்தை முனகியதில்லை. முனகினால் பதில் சொல்லலாம், முனகாமல் குல்லா போட்டுக்கொள்கிறவரை என்ன செய்வது? எனக்கு அதுவே சந்தேகமாக இருந்தது.

கரண்டிக்குக் கரண்டி என்கிற வார்த்தை வராமல் நின்றேன் ஒரு நாள். அன்றைக்குத்தான் டாக்டரிடம் போவது என்று தீர்மானித்தேன்.

இந்த டாக்டர் நான் படித்த கான்வென்ட்தான். எனக்கு ஏழு வருடம் ஜூனியர். நான் பள்ளிக்கே லீடராக இருந்தபோது இவள் ரெட்டைப் பின்னல் போட்ட பொடிசு. ஒரு நாள் வராண்டாவில் தமிழ் பேசிக்கொண்டு போனாள். பிடித்துக் கொண்டுபோய் மாதா சிலை இருக்கிற கெபிக்குப் பக்கத்தில் நிற்க வைத்தேன். விதி அப்படி, இங்கிலீஷ்தான் பேச வேண்டும். அதை அவள் மறந்திருப்பாள் என்று நினைக்கிறீர்களா? போன முதல் நாள், நான் இங்கிலீஷில் ஆரம்பிக்கிறேன், அவள் தமிழில் பதில் சொல்கிறாள். "சொல்லுங்கக்கா, என்ன பண்ணுது?" என்று. நான் 'ஹாட் ஃபிளஷஸ்' என்கிறேன், அவள் 'உடம்புச் சூடு' என்கிறாள். நான் 'மெனோபாஸ்' என்கிறேன், அவள் 'மாதவிடாய் நிற்கிற காலம்' என்கிறாள். அன்றைக்கு நிற்க வைத்ததற்கு இன்றைக்குத் தமிழிலேயே என்னைப் பழிவாங்குகிறாள். அவளுக்கு நினைவே இல்லாத மாதிரி முகத்தை வைத்துக்கொள்வதுதான் அதில் பெரிய கெட்டிக்காரத்தனம்.

சரி, அதை விடுங்கள். உடம்பில் ஹார்மோன் குறைந்துபோயிற்று, அதை வெளியிலிருந்து கொடுக்கலாம் என்றாள். மூன்று வழி சொன்னாள். மாத்திரையாக விழுங்கலாம். பேட்ச் என்று ஒன்று இருக்கிறது, இடுப்புக்குக் கீழே ஒட்டிக்கொண்டால் தோல் வழியாக உள்ளே இறங்கும், வாரத்துக்கு இரண்டு தடவை மாற்ற வேண்டும். இல்லையென்றால் ஜெல், கையில் பூசிக்கொண்டு காய விட வேண்டும். காய்கிற வரைக்கும் யாரும் அந்த இடத்தைத் தொடக் கூடாது, குழந்தைகள் பக்கத்திலேயே வரக் கூடாது என்றாள். என்னை யார் தொடப் போகிறார்கள் என்று நான் கேட்கவில்லை. ஆனால் காலையில் ஏழு மணிக்குக் கையை நீட்டிக்கொண்டு காய வைத்துக்கொண்டு நின்றால் தோசையை யார் திருப்புவது? ஜெல்லை அங்கேயே தள்ளிவிட்டேன்.

இதெல்லாம் போதாதென்று கூட இன்னொரு மாத்திரை. கர்ப்பப்பை இருக்கிறதல்லவா, முதல் மருந்து மட்டும் எடுத்தால் அதன் உள்சுவர் தடித்துப்போகுமாம், அதற்குக் காவலாக இரண்டாவது. திருடனையும் விட்டுவிட்டு அவன் பின்னால் போலீசையும் அனுப்புகிற கதை. மார்பகப் பரிசோதனை செய்து பார்க்க வேண்டும், ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும் என்றாள். பார்த்தார்கள். எல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

அப்புறம் கேள்விகள். அம்மாவுக்குப் புற்றுநோய் உண்டா, அக்கா தங்கைக்கு உண்டா, ஒற்றைத் தலைவலி உண்டா, ரத்தக்கட்டு வந்ததுண்டா. நான் வேர்க்கிறது என்று போனேன், இவள் என் பரம்பரையையே விசாரிக்கிறாள். எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லை, இல்லை என்றேன். ரத்தக்கட்டுக்கு மட்டும், "அலமாரியில இடிச்சுக்கிட்டா வரும், பத்துப் போட்டாப் போயிடும்" என்றேன். அவளும் சிரித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனாள்.

"உங்க வயசுக்கும் எடைக்கும் பேட்ச் நல்லதுக்கா" என்றாள். எடையை ஏன் இழுக்கிறாள் பாருங்கள். சரி என்று ஒட்டிக்கொண்டேன். உங்களுக்கே தெரியும், நாம் பாவாடை நாடா எங்கே கட்டுகிறோம் என்று. அந்த நாடா அறுத்து அறுத்து ஒரு ஓரம் சுருண்டது. சித்திரை வெயிலில் இன்னொரு ஓரம். வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்தேன், சீயக்காயோடு சேர்ந்து அதுவும் ஜலதாரையில் போய்விட்டது. வெள்ளைக்காரன் ஊரில் வேர்வையும் இல்லை, நல்லெண்ணெயும் இல்லை, அங்கே ஒட்டும். திருச்சியில் ஸ்டாம்பே ஒட்டாது.

நேராக வந்து, எனக்கு மாத்திரை கொடு என்றேன். வாய் இருக்கிறது, தொண்டை இருக்கிறது, எதற்குத் தோலைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும்? விழுங்கினால் விழுங்கினோம் என்று தெரியும். அவளும் யோசித்துவிட்டு, "சரிக்கா, இதுதான் உங்களுக்குத் தோதுன்னா மாத்திரையே பாக்கலாம்" என்று எழுதிக் கொடுத்தாள். அன்று சாயங்காலமே வாங்கிவிட்டேன். இதோ, பையில்தான் இருக்கிறது. பாருங்கள், எவ்வளவு சின்னதாக, லட்சணமாக இருக்கிறது.

இப்போதுதான் வருகிறது விஷயம். மாத்திரையை மேஜை மேல் வைத்தேன். அவர் எடுத்துப் பார்த்தார். கண்ணாடியை நெற்றியில் தூக்கிவிட்டுக்கொண்டு பின்பக்கம் இருக்கிற எறும்பு எழுத்தை எல்லாம் படித்தார். அப்புறம் என்னைப் பார்க்காமல், "சுகந்தி, காலைப் பத்தி டாக்டர்கிட்ட சொன்னியா?" என்றார்.

"எந்தக் காலை?"

"உன் காலைத்தான்."

"எனக்குக் கழுத்துக்கு மேல வேர்க்குது. நீங்க காலைப் பத்திக் கேக்கறீங்க. ஆபீஸ்ல பைப் பாக்கற மாதிரி கீழேர்ந்து மேல வர்றீங்களா?"

அவ்வளவுதான், வாயை மூடிக்கொண்டார். அவர் வாயை மூடினால் ஏதோ நடக்கப்போகிறது என்று அர்த்தம். மறுநாள் நான் துணி காயப்போட்டுவிட்டு இறங்கி வருகிறேன், இவர் கொல்லைப்பக்கம் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்றுகொண்டு போனில், "மாத்திரை மட்டும் வேண்டாம் டாக்டர்... ஆமா... நான் சொன்னதா அவளுக்குத் தெரிய வேண்டாம், வருத்தப்படுவா" என்கிறார். வருத்தப்படுவாளாம். நான் எங்கே வருத்தப்பட்டேன், என் ரத்தம் கொதித்தது.

ஒரு மணி நேரத்தில் ஜெசிந்தாவின் போன். "அக்கா, மாத்திரையை ஆரம்பிச்சிடாதீங்க. சாரையும் கூட்டிட்டு ஒரு தடவை வந்துடுங்க, நேர்ல பேசலாம்." நேற்று எழுதிக் கொடுத்தவள் இன்று வேண்டாம் என்கிறாள். நடுவில் என்ன நடந்தது? தண்ணீர்த் தொட்டி நடந்தது.

அந்த பேட்ச் விலை கூட. கம்பெனிக்காரன் டாக்டருக்கு ஏதாவது செய்வான், அது ஊருக்கே தெரியும். ஆனால் இவருக்கு அதில் என்ன வருகிறது? அதுதான் எனக்குப் பிடிபடவில்லை. யோசித்து யோசித்துத் தலைதான் சூடானது. அது ஏற்கெனவே சூடு.

இன்னும் கேளுங்கள். போன வாரம் அவர் குளித்துவிட்டு வேட்டி மாற்றிக்கொண்டிருக்கிறார், நான் அலமாரியில் ஏதோ தேடப் போனேன். அவர் இடுப்புக்குக் கீழே பளபளவென்று ஒன்று தெரிகிறது. வேட்டியை மளமளவென்று மேலே இழுத்துக்கொண்டார். எனக்கு உடனே புரிந்துவிட்டது. சிகரெட். கல்யாணத்தின்போது விட்டேன் என்று சத்தியம் செய்த மனிதர், மறுபடியும் பிடித்து, மறுபடியும் விடுவதற்காக அந்த நிக்கோடின் பேட்சை ஒட்டிக்கொண்டிருக்கிறார். சட்டையை மோந்து பார்த்தேன். வாசனை இல்லை. வாசனை இல்லாத அளவுக்கு ஜாக்கிரதையாக இருக்கிறார் என்றால் பாருங்கள்.

"இடுப்புல என்ன?" என்றேன்.

"ஒண்ணுமில்லை."

"ஒண்ணுமில்லாததை எதுக்கு மறைக்கறீங்க?"

ரொம்ப நேரம் துண்டை உதறினார். அப்புறம், "உன் பேட்ச்தான்" என்றார்.

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. "எம்பேட்சு உங்களுக்கு எதுக்கு?"

"ஒட்டுதான்னு பார்த்தேன்."

கேட்டுக்கொண்டீர்களா? ஒட்டுகிறதா என்று பார்த்தாராம். இவர் எதையும் அப்படித்தான் செய்வார். வீட்டுக்கு ஒரு குழாய் வாங்கி வந்தால்கூட ஒரு வாளியில் ஒரு நாள் ஊறப்போட்டுத்தான் பொருத்துவார். நாடா படுகிற இடத்தில் ஒன்று, அதற்கு நாலு விரல் கீழே ஒன்று ஒட்டிப் பார்த்திருக்கிறார். என் பாவாடை நாடாவையே உருவி உள்ளே இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு ஆபீஸ் போயிருக்கிறார். எண்ணெய் தேய்த்துக் குளித்திருக்கிறார், அந்த மனிதர் தீபாவளிக்கே கெஞ்சினால்தான் எண்ணெய் தொடுவார். "நாடாவுக்குக் கீழ, பின்பக்கமா ஒட்டினா நிக்குது சுகந்தி. பவுடர் போடக் கூடாது, உள்ளங்கையை வச்சுக் கொஞ்ச நேரம் அழுத்தணும். எண்ணெய்க் குளியல் அன்னிக்கு ஒட்டாம மறுநாள் ஒட்டணும்" என்று பாடம் நடத்துகிறார். கையால் எடுத்துக் காட்டுகிறார் வேறு, குழாய்க்கு வாஷர் போடுகிற மாதிரி.

பெட்டியில் எட்டுதான் வரும். அதில் இரண்டை இவர் பின்பக்கத்துக்குத் தாரை வார்த்திருக்கிறார். அது பெண்பிள்ளைகளுக்கு உள்ள மருந்து. ஆண்பிள்ளைக்குள் போனால் என்ன ஆகும்? ஆயிற்றே. அன்று சாயங்காலம் மகள் கோயம்புத்தூரிலிருந்து போனில் பேசினாள், பேசி முடித்து வைத்துவிட்டுத் திரும்புகிறார், கண்ணில் தண்ணீர். என்ன என்றால் தூசி என்கிறார். ஜன்னல் சாத்தியிருக்கிறது, தூசி எங்கிருந்து வரும்? ஹார்மோன் வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டேன். அவளிடம் என்ன பேசினீர்கள் என்று கேட்டேன். "அவ பொறந்த சமயத்தைப் பத்திப் பேசிக்கிட்டிருந்தோம்" என்றார். இப்போது யாராவது அதை எடுப்பார்களா?

இல்லை, அவள் இரண்டாவது. பெரியவன் சென்னையில் இருக்கிறான். ஏன் கேட்கிறீர்கள்? நீங்கள் கேட்டதால் சொல்கிறேன், அவள் பிறந்தபோது நான் கொஞ்சம் படுத்துவிட்டேன். பிரசவத்துக்குத் தஞ்சாவூர் போயிருந்தேன். பத்து நாள் கழித்து இந்தக் கால் வீங்கிப்போயிற்று, வாழைத்தண்டு மாதிரி, தொட்டால் சுடும். பார்க்க வந்த மாமியார், பால் காலுக்கு இறங்கிவிட்டது என்றார். அந்தம்மாவுக்கு எல்லாம் பால்தான். கன்னியாஸ்திரீ டாக்டர் ஒருவர் பார்த்தார், மலையாளி, என்ன இங்கிலீஷ் பேசுவார் தெரியுமா, கேட்டுக்கொண்டே இருக்கலாம். 'த்ராம்போசிஸ், மை டியர்' என்றார். வயிற்றில் ஊசி போட்டார்கள், அப்புறம் ஆறு மாதம் மாத்திரை. கீரையைக் கண்ணில் காட்டக் கூடாது என்றுவிட்டார்கள். முருங்கைக்கீரைக்கு ஏங்கிப்போனேன். சரியாகிவிட்டது. அது முடிந்த கதை. அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

டாக்டரிடமா? இதை எதற்குச் சொல்ல வேண்டும்? அவள் கேட்கவே இல்லையே. புற்றுநோய் கேட்டாள், தலைவலி கேட்டாள், ரத்தக்கட்டு கேட்டாள். த்ராம்போசிஸ் என்று அவள் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நான் தேதியோடு சொல்லியிருப்பேன். எனக்கு என்ன ஒளிவு மறைவு?

என்ன கேட்டீர்கள்? தமிழில் அதற்கு என்ன வார்த்தையா? நீங்கள் தமிழ் டீச்சரா? நினைத்தேன், வந்ததிலிருந்து நாற்காலியில் நேராகவே உட்கார்ந்திருக்கிறீர்கள். சொல்கிறேன், எனக்கும் தமிழ் தெரியும். த்ராம்போசிஸ் என்றால், ரத்தக் குழாய்க்குள்ளே ரத்தம் ஓடாமல், அங்கேயே... உறைந்து... கட்டிக்கொண்டு...

இருங்கள்.

ரத்தம். கட்டு.

இல்லை, இருங்கள். ரத்தக்கட்டு என்றால் இடித்துக்கொண்டால் வருவது. கன்றிப்போய் நீலமாக இருக்கும். மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பத்துப் போடுவோம். உலகத்தில் எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். நீங்கள் சொல்ல மாட்டீர்களா? இரண்டுக்குமா? இரண்டுக்கும் ஒரே வார்த்தையை வைத்துக்கொண்டு ஒரு பாஷையா?

அப்படியென்றால் அவள் கேள்வியைத் தப்பாகக் கேட்டிருக்கிறாள். கான்வென்டில் படித்தவள், கான்வென்டில் படித்தவளைப் பார்த்து, அழகாக இங்கிலீஷில் கேட்க வேண்டியதுதானே? நாற்பது வருடத்துக்கு முன்னால் நான் சொன்னதையே கேட்டிருந்தால் இன்றைக்கு இந்தக் குழப்பம் வந்திருக்குமா?

மாத்திரை ரத்தத்தைக் கட்டவைக்குமா? யார் சொன்னது? உங்கள் தங்கைக்குச் சொன்னார்களா, இப்படிக் கால் வீங்கினவர்களுக்கு விழுங்குகிற மருந்து ஆகாது, தோல் வழி கொடுப்பதென்றால்கூட நன்றாகப் பார்த்துத்தான் கொடுப்போம் என்று? எந்த டாக்டர்? இவளேதானா.

ம்.

நான் இன்று ராத்திரி ஆரம்பிப்பதாக இருந்தேன். உங்களிடம் மட்டும் சொல்கிறேன். இவர்கள் இரண்டு பேரும் என்ன சொன்னாலும் சரி என்று தலையாட்டிவிட்டு, வீட்டுக்குப் போய், பால் குடிக்கும்போது ஒன்றைப் போட்டுக்கொள்வதாக இருந்தேன். காலையில் வேர்க்காமல் எழுந்து வந்து அவர் முன்னால் நிற்க வேண்டும் என்று.

அப்படிப் பார்க்காதீர்கள். விழுங்கவில்லை. இதோ, அட்டை முழுசாக இருக்கிறது, நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள். உங்கள் பையில் போட்டு வையுங்கள். நான் வெளியே வந்து கேட்டாலும் கொடுக்காதீர்கள். கேட்க மாட்டேன். ஆனால் கேட்டாலும்.

கால் விஷயத்தை நானே சொல்லிக்கொள்கிறேன். இங்கிலீஷில் சொல்கிறேன், தமிழிலும் சொல்கிறேன், அவளுக்கு எது வேண்டுமோ அதை எடுத்துக்கொள்ளட்டும். இவரை விட்டால் ஏதாவது உளறிவைப்பார். ஆண்பிள்ளைகளுக்கு நம் பிறந்தநாளே நினைவிருக்காது, எந்தக் கால் வீங்கியது என்றா இருக்கப்போகிறது? பந்தயம் கட்டுகிறேன், வலது என்பார்.

வருகிறார். ஆமாம், இந்த வருடம் வெயில் அநியாயம். போன வருடமாவது நடுவில் ஒரு மழை பெய்தது.

ஏங்க, கிடைச்சுதா இடம்? எங்க, பத்தாவது கிராஸிலயா? அவ்வளவு தூரமா நடந்து வந்தீங்க? சரி, உக்காராதீங்க, அந்த நாற்காலிக்குக் கால் சரியில்லை. அதிருக்கட்டும், ஒண்ணு கேக்கறேன், யோசிக்காம சொல்லுங்க. எந்தக் காலு?

"இடது. ஏன், வலிக்குதா?"

பார்த்தீர்களா டீச்சர்? எந்தக் கால் என்று மட்டும்தான் கேட்டேன். யாருடைய கால், எந்த வருடத்துக் கால், எதைப் பற்றிக் கேட்கிறேன், ஒன்றுமே கேட்கவில்லை அவர். இத்தனை வருடமாக ஒரு மனிதர் அந்தப் பதிலை நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறார் என்றால், அதில் ஏதோ இருக்கிறது.

கூப்பிடுகிறார்கள். முதலில் உள்ளே போய் என் காலைச் சொல்லிவிட்டு வருகிறேன். இவரை அப்புறம் விசாரிக்கிறேன்.